பொய்யில் மின்னிய ராஜாவும் மோர்க்காரி செங்கமலமும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பட்டங்கள் அதிகமாகவும் இருந்த காலத்தில், ஏரிமங்கலம் என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் கஞ்சி குடித்துவிட்டு நடந்தால் உச்சிவேளைக்குள் அடுத்த எல்லைக்குப் போய்விடலாம். நடுவில் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு ஒரு மண்கரை. கரைக்குக் கீழே நாற்பது வீடுகள் உள்ள ஒரு தெரு. அதற்குக் கரைக்கீழ்த் தெரு என்றே பெயர். அதைத் தாண்டி வயல், வயலைத் தாண்டி இன்னும் சில தெருக்களும் அரண்மனையும். அவ்வளவுதான் நாடு. ஆனால் ஏரி நிறைந்துவிட்டால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும்.

அந்த நாட்டு ராஜாவின் பெயர் உதயகேசரி. வயது நாற்பது. மூக்கு முற்றிய கத்தரிக்காய் மாதிரி இருக்கும். முன்பற்கள் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டவை போல ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். தலையில் மயிர் எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தது. ஊரில் யாரும் இதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஏனென்றால் தினமும் உச்சிவேளையில் அரண்மனை வாசலில் யார் வந்தாலும் கஞ்சியும் மாவடுவும் கிடைத்தன. வழக்கு என்று போனால் நியாயம் கிடைத்தது. இருபத்திரண்டு வயதில், பெருமழையில் ஏரிக்கரை உடைந்தபோது, அவர் ஊராரோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று நாள் மண் சுமந்தவர். அப்படிப்பட்டவர் மூக்கை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏரிமங்கலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா எழுந்தாலும் உட்கார்ந்தாலும், சபைக்கு வந்தாலும் சாப்பிடப் போனாலும், கட்டியம் சொல்கிறவர் கோலைத் தரையில் தட்டி அவருடைய பட்டங்களை எல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும். "ராஜாதி ராஜர், மலையைப் பிடுங்கிய மார்பர், மன்மதன் மயங்கும் முகத்தார்" என்று பதினெட்டுப் பட்டங்கள். கடைசியில் "பராக்! பராக்!" அது முடிகிற வரைக்கும் ஒருவரும் அசையக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. ராஜாவுக்கும் அதே சட்டம்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அதுவாகப் பார்த்துப் பறந்து போனால்தான் உண்டு.

பதினெட்டில் பதினைந்து சுத்தப் பொய். பரவாயில்லை, எந்த ராஜாவுக்கும் அதைவிடக் குறைவாக இருந்ததில்லை. மீதி மூன்று மெய்: வள்ளல், நீதிமான், ஏரி காத்தவர்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த கதையில் ஒரு நாள் யானை ஊர்வலம் வந்தது. ராஜா குடைக்குக் கீழே அம்பாரியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் யானையின் கழுத்தில் பாகன் கரியமாணிக்கம். அவன் நல்ல அழகன். சுருட்டை முடி, அகன்ற தோள், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அப்பன் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஒரு குழந்தை பாகனைக் காட்டிச் சொன்னது: "அப்பா, ராஜா எவ்வளவு அழகு! பின்னாடி குடைக்குள்ள இருக்கிற தாத்தா யாரு?"

ஊரே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். பார்த்தார். இன்னும் பெரிய கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். அதிலும் அதே மூக்குதான் இருந்தது.

ஒருவர் மனம் நொந்திருக்கும் நேரம் பார்த்து வந்து சேருகிற ஆட்கள் எந்தக் காலத்திலும் உண்டு. மறுநாளே ஒருவன் வந்தான். தலையிலிருந்து கால்வரை பளபளவென்று இருந்ததால் அவனை ஜிகினாச் சித்தர் என்றார்கள். அவன் வயதை யாராலும் சொல்ல முடியவில்லை. கூடவே பன்னிரண்டு ஜாடிகளைச் சுமந்துகொண்டு ஒரு கிழட்டுக் கழுதை, உலகத்தின் மேலேயே வெறுப்பு வந்தது போல நடந்து வந்தது.

"மகாராஜா, சந்தனமும் மஞ்சளும் தோலோடு நின்றுவிடும். பொய்தான் எலும்பு வரைக்கும் போகும்" என்றான் சித்தன்.

பிறகு அவன் விளக்கிச் சொன்னான். கட்டியக் கோலில் ஒரு சிட்டிகை மாயப்பொடி பூசிவிட்டால் போதும். அன்றிலிருந்து கட்டியத்தில் வரும் ஒவ்வொரு பொய்யும் ராஜாவின் முகத்தில் அழகாக ஒட்டிக்கொள்ளும். மெய் மட்டும் ஒட்டாது. மெய்க்குப் பசை கிடையாது. நிபந்தனை இரண்டே இரண்டு. கட்டியம் சொல்கிறவர் சிரிக்கக் கூடாது. கட்டியம் முடிவதற்குள் ராஜா வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஒட்டியதெல்லாம் ஒரேயடியாக உதிர்ந்துவிடும்.

"வாயை மூடிக்கொண்டு இருப்பது என்ன பெரிய காரியம்?" என்றார் ராஜா. காரியம் எவ்வளவு பெரிது என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதலில் அரண்மனைக் கட்டியக்காரர் முயன்றார். "மன்மதன் மயங்கும்" என்று சொன்னதும் ராஜாவின் மூக்கு நுனி லேசாகத் துடித்தது. அதைப் பார்த்து அவருக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது ஆள் சிரிப்பை அடக்கினார், விக்கல் வந்தது. அவரையும் அனுப்பினார்கள். மூன்றாவதாக வந்தவள்தான் நம்முடைய செங்கமலம்.

செங்கமலம் மோர் விற்கிறவள். கரைக்கீழ்த் தெருவில் கடைசி வீடு. வீட்டில் அவளும் இரண்டு எருமைகளும். அவள் "மோரு, மோரே" என்று கூவினால் மூன்று தெருவுக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவன் எழுந்து சொம்பைத் தேடுவான். மோரில் தண்ணீர் கலப்பாள். கலந்திருக்கிறேன் என்று அவளே சொல்லியும் விடுவாள். கல்யாண வீட்டில்கூட அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர் இல்லை. சிரிப்பதெல்லாம் உள்ளேதான்.

இரண்டு எருமைகளுக்கும் ஒரு வருஷத்துக்கு வைக்கோலும் தவிடும் தருகிறோம் என்றார்கள். அவள் யோசித்தாள். நாலு பொய்யை உரக்கச் சொல்வதால் யாருக்கு என்ன கெட்டுவிடும் என்று நினைத்தாள். நாம் எல்லோரும் நினைப்பதுதான். கோலை வாங்கித் தரையில் தட்டினாள்.

"ராஜாதி ராஜர்" என்றாள். ராஜாவின் தோள் அகன்றது. "மலையைப் பிடுங்கிய மார்பர்" என்றாள். தொந்தி உள்ளே போயிற்று. "மன்மதன் மயங்கும் முகத்தார்" என்றாள். கத்தரிக்காய் சுருங்கி எள்ளுப்பூ ஆயிற்று. பற்கள் இரண்டும் சமாதானமாகிச் சேர்ந்து நின்றன. "வள்ளல், நீதிமான், ஏரி காத்தவர்" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. "பராக்! பராக்!" என்று முடித்தாள். சபையே வாய் பிளந்து நின்றது. செங்கமலத்தின் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை.

அன்று முதல் ராஜாவுக்குக் கட்டியம் கேட்பதே வேலையாகிவிட்டது. காலையில் மூன்று தடவை, மதியம் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை. ஒரே பொய்யைத் தினமும் சொன்னால் அது நீர்த்துப் போகுமே, அதனால் புலவர்களைக் கூப்பிட்டுப் புதுப்பொய் எழுதச் சொன்னார்கள். பதினெட்டு ஐம்பதாகி, ஐம்பது முந்நூறாயிற்று. ஓலைக்கட்டுகளைச் சுமக்க இரண்டு ஆள் தேவைப்பட்டார்கள். ராஜா இலை முன் உட்கார்ந்து கட்டியம் முடிவதற்குள் சாம்பார் ஆறி, அப்பளம் நமுத்து, பாயசத்தில் ஏடு படிந்துவிடும். நின்றபடியே தூங்குவது எப்படி என்று மந்திரிகள் கற்றுக்கொண்டார்கள். ராஜா மட்டும் முழுநிலவு மாதிரி ஆகிக்கொண்டே வந்தார்.

அப்படியும் போதவில்லை. அழகு என்பது அரிப்பு மாதிரி. சொறியச் சொறியத்தான் கூடும். "முந்நூறு பொய்க்கு நடுவே மூன்று மெய் கல்லாகக் கிடக்கிறது, மகாராஜா. அதை எடுத்துவிட்டால் உங்களைப் பார்த்துச் சூரியன் முக்காடு போட்டுக்கொள்ளும்" என்றான் சித்தன்.

"அந்த மூன்றையும் சொல்ல வேண்டாம் என்றுவிடலாமா?"

"சொல்ல வேண்டும். ஆனால் பொய்யாக்கிவிட்டுச் சொல்ல வேண்டும்."

மறுநாள் அரண்மனை வாசலில் கஞ்சித்தொட்டி கவிழ்த்து வைக்கப்பட்டது. மாவடு ஜாடிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். உச்சிவேளையில் வந்தவர்கள் சும்மா திரும்பிப் போனார்கள். அன்று மாலை செங்கமலம் "வள்ளல்" என்றதும் ராஜாவின் கண்கள் தாமரை இதழ் போல நீண்டன.

அடுத்த வாரம் பாகன் கரியமாணிக்கத்தைச் சிறையில் போட்டார்கள். யானையின் நெற்றிப்பட்டத்தைத் திருடினான் என்று குற்றம். நெற்றிப்பட்டம் யானையின் நெற்றியிலேயே இருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களை ராஜா பேசவே விடவில்லை. அவன் செய்த ஒரே குற்றம் அழகாக இருந்தது. அன்று மாலை "நீதிமான்" என்ற சொல்லுக்கு ராஜாவின் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. பாகனின் கன்னத்தில் இருந்த அதே குழி.

அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன செங்கமலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எருமைகள் அரண்மனை வைக்கோலை நிம்மதியாக மென்றன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. இன்னொன்றும் உறுத்தியது. அன்று ராஜா ஒரு தடவை இருமியபோது, காலிப் பானைக்குள் இருமியது போல எதிரொலி கேட்டிருந்தது.

பிறகு ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. ஏரி விளிம்பு தட்டி நின்றது. அப்போதுதான் தண்டோரா போட்டார்கள்: வருகிற வெள்ளிக்கிழமை காலை மகாராஜா தம் கையால் ஏரிக்கரையை வெட்டப் போகிறார்; ஏரி இருந்த இடத்தில் பூந்தோட்டம் வரப் போகிறது.

பூந்தோட்டம் எதற்கென்று செங்கமலத்துக்குத் தெரியும். மூன்றாவது மெய் பொய்யாக வேண்டும், அதற்குத்தான். கரை வெட்டுப்பட்டால் முதல் தண்ணீர் கரைக்கீழ்த் தெருவில்தான் விழும். நாற்பது வீடு, பிள்ளைகள், கிழவர்கள், ஆடு மாடு, அவளுடைய இரண்டு எருமைகள். அவள் நேராக ராஜாவிடம் ஓடினாள். கண்ணாடி முன் நின்றவரின் காலில் விழுந்து சொன்னாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தத் தெருவில் எத்தனை வீடு?" என்று கேட்டார்.

"நாற்பது, மகாராஜா."

"நாற்பதுதானே" என்றார் ராஜா. தம் நகத்தைப் பார்த்துக்கொண்டார். நகம் அழகாக இருந்தது.

செங்கமலம் அழுதுகொண்டே வெளியே வந்தாள். லாயத்தின் பக்கம் ஒரு தூணில் சாய்ந்து மூக்கைச் சிந்தினாள். "அழுகையை நிறுத்தும்மா, பசி நேரத்தில் கேட்கச் சகிக்கலை" என்று ஒரு குரல் வந்தது. பார்த்தால் சித்தனின் கழுதை.

செங்கமலம் அசரவில்லை. பொய் சொன்னால் மூக்குச் சுருங்குகிற அரண்மனையில் கழுதை பேசினால் என்ன வந்தது? "கழுதையண்ணே, உங்க எஜமானருக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டாள்.

"ஒரு கேள்விக்கு ஒரு ஓலைக்கட்டு" என்றது கழுதை. "புகழ்ச்சி எழுதின ஓலையாக இருக்கட்டும். நார் இல்லாமல் மெத்தென்று இருக்கும்."

அவள் நூறு பொய் எழுதிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கழுதை அதை முழுக்க மென்று விழுங்கிவிட்டுச் சொன்னது: "அவனுக்கு வீடு வேணும். கடைசி மெய்யும் போய்விட்டால் உங்க ராஜா வெறும் கூடு. காலி வீட்டில் எவன் வேணும்னாலும் குடியேறலாம். இவன் இப்படித்தான் ஏழு ராஜா உடம்பில் குடியிருந்தவன். இப்போ போட்டிருக்கிறது பழசாகிப் போச்சு, ஜிகினா பூசி ஒப்பேற்றுகிறான்."

இரண்டாவது கட்டு வந்தது. "இதை நிறுத்த வழி உண்டா?" என்று கேட்டாள். கட்டியத்தின் நடுவில் ராஜா தானாக வாய் திறந்தால் மாயம் கலைந்துவிடும் என்றது கழுதை.

மூன்றாவது கட்டு வந்தது. "அவர் வாயைத் திறக்க வைக்கிறது எப்படி?"

கழுதை மெல்லுவதைக் கொஞ்சம் நிறுத்தியது. "அது எனக்குத் தெரியாதும்மா. உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் திறப்பார். இல்லேன்னா திறக்க மாட்டார். ஏழு பேரில் ஒருத்தனும் திறக்கலை" என்றது. பிறகு, பதில் தெரியாத கேள்விக்காக வாங்கிய கட்டைத் திருப்பிக் கொடுக்காமல் அதையும் தின்றுவிட்டது.

செங்கமலம் இரண்டு நாள் யோசித்தாள். மோர் கடையும்போது யோசித்தாள், எருமையைக் குளிப்பாட்டும்போது யோசித்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு பழைய முறை நினைவுக்கு வந்தது. ஏரிமங்கலத்தில் ராஜாவின் கட்டியம் வேறு, கரைக் கட்டியம் வேறு. ஏரிக்கரை மேல் நின்று சொல்லும்போது ராஜாவின் பட்டங்களை எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது. கரை உடைந்தபோது மண் சுமந்தவர்கள் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்; தெருத் தெருவாக, வீடு வீடாக, யார் எத்தனை கூடை என்பது வரைக்கும். ராஜாவும் அந்த வரிசையில் ஒரு ஆள், அதுவும் கடைசி ஆள். கரைக்கீழ்த் தெருக்காரர்களுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். வேறு ஊரிலிருந்து வந்த சித்தனுக்கு இது எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை, மழை விட்டு வெயில் அடித்தது. ஊர் முழுவதும் கரைமேல் கூடியது. அழுதவர்கள் அழுதார்கள், ஆனால் ராஜாவைப் பார்த்ததும் அழுகையை மறந்து வாய் பிளந்தார்கள். அவ்வளவு அழகு. பட்டுச்சுற்றிய மண்வெட்டி அவர் கையில் இருந்தது. பக்கத்தில் சித்தன், புதுவீட்டுக்குக் குடிபோகிறவன் மாதிரி கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றான். செங்கமலம் கோலைத் தரையில் தட்டினாள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். ராஜாவும் வாயை மூடிக்கொண்டார்.

"மேட்டுத் தெருக் குப்பாண்டி, அறுநூறு கூடை" என்று ஆரம்பித்தாள் செங்கமலம். "அவர் தம்பி சடையன், கூடை கிடைக்காம வேட்டியில அள்ளினது நானூறு. குயவர் தெரு நாகம்மை, இடுப்புல பிள்ளையோட இருநூற்றுப் பத்து..."

"இது என்ன? பட்டங்கள் எங்கே?" என்று சீறினான் சித்தன். யாரும் பதில் சொல்லவில்லை. கட்டியம் நடக்கும்போது எப்படிப் பதில் சொல்வார்கள்? ராஜாவும் சொல்ல முடியாது. வாய் திறந்தால் மூக்குப் போய்விடும்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தெருத் தெருவாகப் போனாள். மோர் விற்றுப் பழகிய குரல், ஏரியின் அக்கரை வரைக்கும் கேட்டது. பெயரைக் கேட்டவர்கள் கூட்டத்தில் நிமிர்ந்து நின்றார்கள். இறந்து போனவர்களின் பெயர் வந்தபோது அவர்கள் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அந்தப் பெயர்களில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை, பொய்யும் இல்லை. அதனால் ராஜாவின் முகத்தில் எதுவும் ஒட்டவில்லை, எதுவும் உதிரவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பெயரும் அவருக்குள் போய், காலிப் பானையில் கூழாங்கல் விழுகிற மாதிரி டொக்கென்று விழுந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கே அந்தச் சத்தம் கேட்டது.

"யானைக்காரர் மகன் கரியமாணிக்கம், அப்போ பதினாலு வயசு. உடைப்புக்குள்ள யானையைப் படுக்க வெச்சு அதோட தானும் படுத்தவன்." டொக். ராஜாவின் கண் இமைகள் படபடத்தன.

பானை நிறைந்துகொண்டு வருவதைச் சித்தன் உணர்ந்தான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவன் பார்த்து வைத்த வீட்டில் காலியிடமே இருக்காது. பொறுக்க முடியாமல் ராஜாவின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினான். கரையில் ஓங்கி ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு. தண்ணீர் ஒரு கயிறு போல வந்து, பிறகு ஒரு கதவு அகலத்துக்குப் பாய்ந்தது.

ஒருவரும் அசையவில்லை. இதை என்னவென்று சொல்வது? நாற்பது வீடு போகப் போகிறது, தண்ணீர் காலைச் சுற்றி ஓடுகிறது, ஏரிமங்கலத்துக்காரர்கள் கட்டியம் முடியவில்லையே என்று நிற்கிறார்கள். பரம்பரை பரம்பரையாக வந்த பழக்கம் முட்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. எல்லோருடைய கண்ணும் ராஜாவைப் பார்த்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் சொல்லக் கூடாது.

செங்கமலம் கடைசிப் பெயருக்கு வந்திருந்தாள். அவளுடைய வீட்டுப் பக்கமாகத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ராஜாவைப் பார்த்தாள்.

"உதயகேசரி. இருபத்திரண்டு வயசு. மூணு நாள், ராத்திரி பகலா. கூடை எத்தனைன்னு அவரே எண்ணலை" என்றாள். பிறகு கோலைக் கீழே போட்டுவிட்டாள். "இதுக்கு மேல ஏரி காத்தவர்னு சொல்லணும். அது மெய்யா பொய்யா எனக்குத் தெரியலை, மகாராஜா. ஒரு வருஷமா வைக்கோலுக்காகப் பொய் சொல்லிட்டேன், இன்னிக்கு முடியலை. நீங்களே சொல்லுங்க."

அந்த நேரத்தில் ராஜா என்ன நினைத்தார்? பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொன்னது இது: "முதலில் மூக்கைத்தான் நினைத்தேன்." பிறகு உடைப்பைப் பார்த்தார். கீழே ஒரு வீட்டு வாசலில் கட்டியிருந்த எருமை தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தது. ராஜாவின் வாய் திறந்தது.

"மண்ணைப் போடுங்கடா!"

சொன்ன மாத்திரத்தில் முந்நூறு பொய்யும் பொலபொலவென்று கொட்டின. தாமரைக் கண் சுருங்கியது. தோள் இறங்கியது, தொந்தி வந்தது, தலைமயிர் காற்றில் பறந்தது. மூக்கு மட்டும் கடைசியாக, ஒரு பெருமூச்சு விட்டு, பழைய அளவுக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தில் யாரோ, "நம்ம ராஜாடா இது" என்றார்கள். அவ்வளவுதான், எல்லோருடைய முட்டியும் கழன்றுகொண்டது. ராஜா அதற்குள் உடைப்பில் குதித்திருந்தார்.

கூடை வந்தது, மண்வெட்டி வந்தது, கூடை கிடைக்காதவர்கள் வேட்டியில் அள்ளினார்கள். மந்திரிகள் வரிசையில் நின்று மண் கை மாற்றினார்கள். அவர்கள் விழித்திருந்து வேலை செய்து வெகுநாள் ஆகியிருந்தது. சித்தனின் பன்னிரண்டு ஜாடிகளிலும் மண்ணை நிரப்பி உடைப்பில் அடுக்கினார்கள். கழுதை தானாகவே வந்து தண்ணீரின் குறுக்கே படுத்துக்கொண்டு, "சீக்கிரம் ஆகட்டும், குளிருது" என்றது. உச்சிவேளைக்கு முன் உடைப்பு அடைபட்டது. கரைக்கீழ்த் தெருவில் மூன்று கோழிக்கூண்டு போயிற்று, ஒரு வைக்கோல்போர் நனைந்தது. வேறு சேதம் ஒன்றும் இல்லை. நனைந்தது அரண்மனை வைக்கோல் என்பதால் செங்கமலம் அதற்கு வருத்தப்படவும் இல்லை.

சித்தன் என்ன ஆனான்? குடியேற வீடு கிடைக்காமல், பழைய வீடும் தாங்காமல், நின்ற இடத்திலேயே உதிர ஆரம்பித்தான். முதலில் ஜிகினா உதிர்ந்தது. அதற்குக் கீழே இன்னொரு ஜிகினா. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. காலி அங்கி ஒன்று தண்ணீரில் மிதந்து போயிற்று. அந்த வருஷம் முழுவதும் ஏரிக் கெண்டைகள் கொஞ்சம் பளபளப்பாக இருந்தன, ருசியில் குறைவில்லை.

ராஜா சேறும் சகதியுமாக நேரே சிறைக்குப் போனார். தம் கையால் கதவைத் திறந்தார். "பொறாமையில் உன்னை உள்ளே போட்டேன். தப்பு என்னுடையது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கரியமாணிக்கத்துக்கு உடனே மனம் ஆறவில்லை. அவன் நேரே யானையிடம் போய்விட்டான். மூன்று நாள் கழித்துத்தான் ராஜாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். கஞ்சித்தொட்டி அன்றே நிமிர்ந்தது. மாவடு ஜாடிகள் திறந்தன. கழுதைக்குச் சுமை கிடையாது என்று உத்தரவாயிற்று. மிச்சமிருந்த ஓலைக்கட்டுகள் எல்லாம் அதற்கே. செங்கமலத்துக்கு ஆயுள் முழுக்கக் கட்டியக் கோல் என்றார்கள். மோர் விற்பதை விட மாட்டேன், காலையில் ஒரு வேளை வந்து போகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

உடைப்பு அடைபட்ட மறுநாள் காலை சபை கூடியது. செங்கமலம் கோலைத் தட்டினாள். "உதயகேசரி, பராக்! பராக்!" என்றாள். முடித்துவிட்டாள்.

எல்லோரும் இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். ராஜாவும் காத்திருந்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவ்வளவுதானா? ஏரி காத்தவர் என்று ஒன்று இருந்ததே?" என்று கேட்டார்.

"இருந்தது, மகாராஜா. நேத்து அடைச்சதும் நீங்கதான், மண்வெட்டியோட வெட்ட வந்ததும் நீங்கதான். ஒரு மழைக்காலம் போகட்டும், பார்த்துச் சொல்றேன்" என்றாள் செங்கமலம். முகத்தில் சிரிப்பே இல்லை.

ராஜா கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலம் முழுவதும், தினம் விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நடந்து, எங்கே மண் கரைந்திருக்கிறது என்று பார்த்தார். நண்டு வளையைக்கூட விடாமல் அடைத்தார். மார்கழி பிறந்த அன்று சபைக்கு வந்து நின்று, பரீட்சை எழுதிய பிள்ளை போல அவள் வாயைப் பார்த்தார்.

"உதயகேசரி" என்றாள் செங்கமலம். கொஞ்சம் நிறுத்தினாள். "ஏரி காத்தவர். பராக்! பராக்!"

முகத்தில் எதுவும் ஒட்டவில்லை, மூக்கும் அப்படியேதான் இருந்தது. ஆனால் ராஜா தம் கோணல் பற்கள் இரண்டும் தெரியச் சிரித்தார், சபை முழுவதும் சிரித்தது, அன்றைக்குத்தான் முதன்முதலாகச் செங்கமலமும் வெளியே தெரியும்படி சிரித்தாள். ஏரி நிறைந்து, வயல் விளைந்து, அவர்கள் வீட்டு அடுப்பெல்லாம் எரிந்தது; நம் வீட்டு அடுப்பும் அப்படியே எரியட்டும்.